மூளைக்கு எடை போடலாமா?



"உன் மண்டையில் இருப்பது மூளையா, களிமண்ணா?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே வெகுகாலமாக இருந்து வருகிறது. கணக்கில் பிழை விட்ட பிள்ளையும், கடைக்குப் போய்ச் சாமானை மறந்து வந்த பிள்ளையும் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்ததில்லை. பெரிய தலை உள்ளவன் அறிவாளி, சிறிய தலை உள்ளவன் மந்த புத்திக்காரன் என்ற எண்ணமும் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையிலேயே மூளை பெரிதாக இருந்தால் அறிவும் பெரிதாக இருக்குமா? மூளையைத் தராசில் வைத்து நிறுத்து ஓர் உயிரின் அறிவை அளந்துவிட முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு இன்று விடை காண முயல்வோம்.

விடை தேட மனிதரின் மண்டையை மட்டும் பார்த்தால் போதாது. விலங்குகளின் மண்டைக்குள்ளும் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். முதலில் நம் தோட்டங்களைச் சுற்றித் திரியும் விலங்குகளையே எடுத்துக்கொள்வோம்.

லயத்தின் பின்புறம் ஓடும் எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம் எடை இருக்கும். பசுவின் மூளை 400 கிராமுக்கு மேல் இருக்கும். ஆற்றோரத்திலும் தோட்டத்து ஓரத்திலும் கூட்டமாகத் திரியும் நீண்ட வால் குரங்கின் மூளையோ 60 முதல் 70 கிராம்தான். குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களில் அவ்வப்போது தோட்டத்துக்குள் இறங்கிச் செம்பனைக் கன்றுகளின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும் யானையின் மூளை சுமார் 5 கிலோ. மனித மூளை 1,300 முதல் 1,400 கிராம் வரை. அப்படியானால் யானை நம்மைவிட மூன்று மடங்குக்கு மேல் அறிவுள்ளதா? பசு குரங்கைவிட ஆறு மடங்கு கெட்டிக்காரப் பிராணியா? சமையற்கட்டின் சன்னலைத் திறந்து வாழைப்பழத்தைத் தூக்கிச் செல்வது பசுவா, குரங்கா என்பதை நேயர்களே அறிவீர்கள்.

ஆகவே, வெறும் எடை கணக்குக்கு உதவாது. உடல் பெரியதானால் அதன் தசைகளையும் தோலையும் உறுப்புகளையும் ஆள்வதற்கு மூளையும் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் அறிஞர்கள் வேறொரு வழி கண்டார்கள். உடல் எடையில் மூளை எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்தார்கள். மனிதனுக்கு இது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. யானைக்கு எழுநூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. சரி, மனிதன் வென்றுவிட்டான் என்று நினைக்கிறோம். அங்கேயும் ஒரு தடை குறுக்கே வந்து நிற்கிறது. அந்தத் தடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது!

புதர்களிலும் பழமரங்களின் அடியிலும் அணிலைப் போல ஓடும் ஒரு சிறு பிராணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அணிலைவிட மூஞ்சி மட்டும் கூராக நீண்டிருக்கும். மலாய்க்காரர்கள் அணிலைப் போலவே இதையும் 'தூப்பாய்' என்றுதான் அழைப்பார்கள். அறிவியலார் வைத்த 'துப்பாயா' என்ற பெயரும் அந்த மலாய்ச் சொல்லிலிருந்தே வந்தது. தமிழில் இதை மூஞ்சூற்று அணில் எனலாம். இதன் உடல் எடை சுமார் 150 கிராம். மூளை 3 கிராம். அதாவது ஐம்பதில் ஒரு பங்கு, மனிதனுக்கு உள்ள அதே பங்கு!

இந்தச் சிறு பிராணி அறிஞர்களை ஒரு காலத்தில் குழப்பியும் இருக்கிறது. 1920 முதல் 1923 வரை சரவாக்கில் தலைமை மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றியவர் லெ குரோஸ் கிளார்க் என்னும் ஆங்கிலேயர். அவர் மூஞ்சூற்று அணிலின் மூளையைக் கூர்ந்து ஆராய்ந்தார். முகர்வதற்கான பகுதி ஒடுங்கியும், பார்வைக்கான பகுதி நன்கு வளர்ந்தும் இருப்பதைக் கண்டு, இது குரங்குகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்தார். பல ஆண்டுகள் புத்தகங்களிலும் அப்படியே எழுதப்பட்டது. பிற்காலத்து ஆராய்ச்சி அதை மாற்றிவிட்டது. மரக்கிளைகளில் பாய்ந்து வாழும் வாழ்க்கைக்குக் கண் முக்கியம். அதனால் கண்ணுக்குரிய பகுதி வளர்ந்தது. குரங்குக்கும் அதே தேவை இருந்ததால் அதற்கும் வளர்ந்தது. வாழும் முறைக்கு ஏற்ப மூளை அமைகிறது என்ற முதல் பாடத்தை நம் தோட்டத்துத் தூப்பாய் நமக்குக் கற்றுத் தருகிறது.

எடையும் சரியான அளவுகோல் இல்லை. உடலுக்கு இத்தனை பங்கு என்ற கணக்கும் முழு விடை தரவில்லை. அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூளை என்பது கோடிக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டம். பிரேசில் நாட்டு அறிஞர் சுசானா ஹெர்குலானோ ஹௌசல் என்ற பெண்மணி, மூளையைக் கஞ்சி போலக் கரைத்து அதிலுள்ள நரம்பணுக்களை எண்ணும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதன்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவரும் அவருடைய குழுவினரும் 2014ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க யானையின் மூளையை எண்ணியபோது 25,700 கோடி கிடைத்தது. ஆனால் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, உடலின் அசைவுகளைச் சீர்செய்யும் சிறுமூளையிலேயே இருந்தன. தும்பிக்கை போன்ற நுட்பமான உறுப்பை ஆள்வதற்கு இத்தனை தேவைப்படலாம் என்று கருதுகிறார்கள். சிந்தனைக்கும் திட்டமிடலுக்கும் உரிய பெருமூளையின் மேலுறையில் யானைக்கு இருந்தவை சுமார் 560 கோடி; மனிதனுக்கோ 1,600 கோடி. மூளையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதோடு, எந்தப் பிரிவில் வேலை செய்கிறார்கள் என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

இனி, நம் காட்டில் இல்லாத ஒரு விலங்குக் கூட்டத்தைப் பார்ப்போம். கங்காரு, கோவாலா போன்ற வயிற்றுப்பை விலங்குகளைத்தான் சொல்கிறோம். மூளையைப் பற்றிய தவறான எண்ணங்களுக்கு இவற்றைப் போல் இரையான விலங்குகள் வேறில்லை எனலாம்.

இவை ஏன் நம் நாட்டில் இல்லை? இதைக் கண்டறிந்தவருக்கும் ஜொகூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் மலாக்காவிலிருந்து புறப்பட்டு, தங்காக் அருகிலுள்ள லேடாங் மலையில் ஏறினார். அந்நாளில் அங்கே யானையும் காண்டாமிருகமும் நடமாடிய அடையாளங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1856இல் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குக் கடலைக் கடந்தபோது அவருக்கு வியப்பு காத்திருந்தது. இடையில் இருப்பது குறுகிய நீரிணைதான். ஆயினும் அக்கரையில் பறவைகளே வேறாக இருந்தன. மேலும் கிழக்கே சுலாவெசி, மொலுக்காஸ் தீவுகளுக்குச் சென்றால் மரத்தில் வாழும் வயிற்றுப்பை விலங்குகள் தென்படுகின்றன. நியூகினியையும் ஆஸ்திரேலியாவையும் அடைந்தால் எங்கும் அவைதாம். முன்னொரு காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது மலாயாவும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. பாலிக்குக் கிழக்கே இருந்த ஆழ்கடல் மட்டும் வற்றவே இல்லை. அதனால்தான் புலி அக்கரைக்குப் போகவில்லை. கங்காரு இக்கரைக்கு வரவில்லை.

வயிற்றுப்பை விலங்குகளும் நம்மைப் போலப் பாலூட்டிகளே. ஆனால் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அவற்றின் கிளையும் நமது கிளையும் பிரிந்துவிட்டன. நமது கிளையில் குட்டி தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடியின் மூலம் நெடுநாள் ஊட்டம் பெற்று வளர்கிறது. அவற்றின் கிளையிலோ குட்டி வெகு சீக்கிரம் பிறந்துவிடுகிறது. பெரிய செங்கங்காருவின் கர்ப்பம் 33 நாள்தான். பிறக்கும் குட்டி ஒரு கிராம் எடைகூட இருக்காது. நம் விரல்நுனியில் வைத்துவிடலாம். கண் திறவாத அந்தச் சிற்றுயிர், தாயின் உரோமத்தைப் பற்றிக்கொண்டு தானே ஊர்ந்து சென்று பைக்குள் புகுந்து, பால்காம்பை வாயில் கவ்விக்கொள்கிறது. ஏறக்குறைய எட்டு மாத காலம் பையே அதற்கு வீடு.

இப்போது அவற்றின் மூளையைத் திறந்து பார்ப்போம். நமது மூளை, உரித்த தேங்காயை இரண்டாக உடைத்தது போல வலம், இடம் என இரு பாதிகளாக இருக்கிறது. இந்த இரு பாதிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக நடுவில் பெரியதொரு பாலம் உண்டு. மனிதனிடம் இந்தப் பாலத்தில் ஏறத்தாழ இருபது கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன. 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஓவன் என்ற உடற்கூற்று அறிஞர், வயிற்றுப்பை விலங்குகளின் மூளையில் இந்தப் பாலம் இல்லை என்று எடுத்துக்காட்டினார். அவர் கண்டது சரியே. ஆனால் அதிலிருந்து பலரும் எடுத்த முடிவு வேறு. பாலம் இல்லை, ஆகவே மூளை அரைகுறை, ஆகவே அந்த விலங்குகள் மந்தமானவை என்று எழுதத் தொடங்கினார்கள். ஏணியின் உச்சியில் மனிதன், அடிப்படியில் வயிற்றுப்பை விலங்கு என்று ஒரு படிவரிசையும் கட்டினார்கள்.

இதில் உள்ள பிழையை நம் ஜொகூர்ப் பாலத்தைக் கொண்டே விளக்கலாம். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கோஸ்வே 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இரு கரைகளுக்கும் போக்குவரத்தே இல்லையா? இருந்தது. படகுகளும் இரயில் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் மிதவைகளும் ஓடின. கோஸ்வே கட்டப்படாமலே போயிருந்தால் அந்தப் பழைய வழியையே அகலப்படுத்தி, பெருக்கி, அதன் மூலமே மக்களும் சரக்கும் போய்வந்திருப்பார்கள். வயிற்றுப்பை விலங்குகளின் மூளையில் நடந்திருப்பது இதுவே. மூளையின் முன்புறத்தில் 'முன் இணைப்பு' என்ற பழைய நரம்புக்கட்டு ஒன்று உண்டு. அது நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிறியது. அவற்றிடமோ அது பெருத்து, இரு பாதிகளின் பேச்சையும் தானே சுமந்து செல்கிறது. கங்காரு வகைகளில் அந்தக் கட்டுக்குக் குறுக்கு வழியாக மேலும் ஒரு கிளைக்கட்டும் இருக்கிறது. வழி வேறு, வேலை நடக்கிறது.

சரி, அளவில் அவற்றின் மூளை சிறியதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்கக் கண்டத்தில் ஒப்போசம் என்றொரு வயிற்றுப்பை விலங்கு உண்டு. பூனை அளவு உடல். மூளை ஆறு ஏழு கிராம்தான். அதே உடலுள்ள வீட்டுப் பூனைக்கு மூளை 30 கிராம் அளவு. இந்த ஒப்பீட்டையே காட்டிக் காட்டி, வயிற்றுப்பைக் கூட்டம் முழுவதற்கும் மூளை குறைவு என்று சொல்லி வந்தார்கள். ஆனால் நியூகினியிலும் ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலும் வாழும் வரிப்போசம் என்ற வயிற்றுப்பை விலங்குக்கு அதன் உடலை நோக்க மூளை மிகப் பெரியது. நீண்ட விரலால் மரப்பொந்தைத் தட்டிப் பார்த்து, உள்ளிருக்கும் புழுவைத் தோண்டி எடுத்துத் தின்னும் சாமர்த்தியசாலி அது. ஒரு கூட்டத்தில் ஒருவரை மட்டும் பார்த்து எல்லோரையும் எடை போடுவது எவ்வளவு தவறு!

2010ஆம் ஆண்டில் வேரா வைஸ்பெக்கர், அஞ்சலி கோஸ்வாமி என்ற இரு பெண் அறிஞர்கள் இந்தக் கணக்கை முறையாகப் போட்டுப் பார்த்தார்கள். பல வகை வயிற்றுப்பை விலங்குகளையும் மற்றப் பாலூட்டிகளையும் உடல் அளவுக்கு ஏற்ப ஒப்பிட்டார்கள். மனிதனும் குரங்குகளும் அடங்கிய குடும்பத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டால், இரு கூட்டத்துக்கும் மூளை அளவில் அப்படியொன்றும் வேற்றுமை இல்லை என்று தெரிய வந்தது. பெரிய மூளையுள்ள ஒரே ஒரு குடும்பம், மற்றப் பாலூட்டிகளின் சராசரியை உயர்த்திக் காட்டிவிட்டது. வகுப்பில் ஒரு மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கியதால் வகுப்பே கெட்டிக்கார வகுப்பாகத் தோன்றுவது போன்றது இது.

அவர்கள் சொன்ன இன்னொரு செய்தி நமக்கு மிகவும் முக்கியமானது. ஒரு கிராமுக்கும் குறைவாகப் பிறக்கும் குட்டி எவ்வாறு மற்ற விலங்குகளுக்கு நிகரான மூளையைப் பெறுகிறது? தாயிடம் நெடுங்காலம் குடிக்கும் பாலினால்தான்! கருப்பையில் நடக்கவேண்டிய மூளைக் கட்டுமானம் அங்கே பையில் நடக்கிறது. தாய்ப்பாலும் குட்டியின் வயதுக்கு ஏற்பத் தன் சத்துகளை மாற்றிக்கொண்டே வருகிறது.

விலங்குகளை அளந்தவர்கள் அத்தோடு நிற்கவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர், பல இனத்து மக்களின் மண்டையோடுகளைச் சேர்த்து, அவற்றுக்குள் விதைகளையும் ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்து, இன்ன இனம் மேல், இன்ன இனம் கீழ் என்று வரிசைப்படுத்தினார். வெள்ளையர் உச்சியிலும் கறுப்பர் அடியிலும் வைக்கப்பட்டனர். மனிதரை மாடுகளைப் போல் விற்று வாங்கிய அடிமை முறையை ஆதரித்தவர்களுக்கு அந்தக் கணக்கு கை கொடுத்தது. இன்றைய அறிவியல் அந்த வரிசையை முற்றாகத் தள்ளிவிட்டது. இலக்கியத்துக்காக 1921இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளை, அவர் இறந்த பின் நிறுத்தபோது ஆயிரம் கிராமுக்குச் சற்றே மேல்தான் இருந்தது. ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவின் மூளையோ இரண்டாயிரம் கிராமைத் தாண்டியது. இருவருமே உலகம் போற்றிய எழுத்தாளர்கள். மனிதருக்குள் மூளையின் அளவுக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது. ஒருவருடைய தலையைப் பார்த்தோ, இனத்தைப் பார்த்தோ, பெற்றோர் பால் வெட்டுகிறார்களா, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தோ அறிவைச் சொல்லிவிட எவராலும் முடியாது. "தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் ஏறும்" என்று யாராவது சொன்னால், அது மார்ட்டனின் ஈயக் குண்டுக் கணக்குதான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. மூளையின் அளவு அறிவைக் காட்டாது என்பதால், மூளையின் வளர்ச்சியைக் கவனிக்க வேண்டியதில்லை என்று பொருளாகாது. பிறந்த குழந்தையின் மூளை வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். இரண்டு வயதுக்குள் அது நூற்றுக்கு எண்பது பங்கை எட்டிவிடுகிறது. ஐந்து வயதில் தொண்ணூறு. கங்காருக் குட்டிக்குப் பை எப்படியோ, மனிதக் குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளில் தாயின் மடியும் வீடும் அப்படி. மருத்துவ நிலையத்தில் தாதியர் குழந்தையின் தலையைச் சுற்றி நாடா வைத்து அளப்பதும் இதற்காகவே. அந்த வளர்ச்சி மாதாமாதம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, உங்கள் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவதற்காக அளக்கவில்லை. ஆகவே அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்றும், பின்னர் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வேலைக்குப் போகும் தாய்க்கு இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். 2023 ஜனவரி முதல் மேற்கு மலேசியாவில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டிருக்கிறது. இது சட்டப்படி உள்ள உரிமை. கேட்டுப் பெறுவதற்குத் தயங்க வேண்டாம். வேலைக்குத் திரும்பிய பிறகும் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போக வழி உண்டு. தாதியரிடம் கேட்டால் முறையைச் சொல்லித் தருவார்கள்.

வளரும் மூளைக்கு இரும்புச் சத்தும் அயோடினும் இன்றியமையாதவை. முட்டை, மீன், நெத்திலி, ஈரல், பருப்பு, கீரை ஆகியவற்றை இயன்ற அளவு சேருங்கள். சிறு பிள்ளைக்குச் சோற்றோடு தேநீர் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தேநீர் தடுத்துவிடும். அதை விட்டுவிடுவது நல்லது. சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள்.

இவற்றோடு செலவே இல்லாத ஓர் ஊட்டமும் உண்டு. அதுதான் பேச்சு. குழந்தையோடு பேசுங்கள், கதை சொல்லுங்கள், தாத்தாவும் பாட்டியும் மடியில் வைத்துப் பாடட்டும். அந்த ஓசைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து வழிகளை அமைத்துக்கொள்கின்றன. பள்ளிக்குப் போகும் வயதிலும் அந்த வேலை முடிந்துவிடுவதில்லை. தவறிய கணக்கைப் பிள்ளை மறுபடி போட்டுப் பார்க்கும்போதெல்லாம் பழைய வழி ஒன்று உறுதிப்படுகிறது, புதிய வழி ஒன்று திறக்கிறது. அந்த நேரத்தில் "களிமண்" என்று சொல்லிப் பிள்ளையை ஒடுக்கிவிட்டால், மறுபடி போட்டுப் பார்க்கும் மனமே அதற்கு வராமல் போய்விடும்.

கணக்கு வராத பிள்ளைக்கு அருகில் அமர்ந்து, இன்னும் ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூளை வளர்வது அப்படித்தான்.